12 வருடம் கழித்து பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு பெறுவது), கோட்டாறு பக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

குளச்சல் பக்கம்தான் ஊர், கல்ஃபிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிறு பூசைக்கு அம்மாவோடு தவறாமல் போகிறேன், ஆனால் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது, பாவசங்கீர்த்தனம் செய்யாததால் நான் மட்டும் பெஞ்சில் காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அம்மா திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமலே முழங்கால் போடுகிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

சாவான பாவம், அதாவது கனமான பாவம், இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை, தெரியும். பங்குச்சாமி (எங்கள் ஊர்க் கோவில் சாமியார்) என்னோடு பள்ளியில் பந்து விளையாடியவர். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொன்னால் அவருக்கே திருச்சபை விலக்கு, அதுவும் தெரியும், இருந்தாலும் அவரிடம் வாய் வரவில்லை.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் வார நாளில் கூட்டமில்லாமல் எப்போது செய்யலாம்? டிசம்பர் 3 திருவிழா நெருங்கினால் கால் வைக்க இடமிருக்காது. அப்புறம், பாவத்துக்காக வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் பாதியில் நின்றுவிடுகிறது, பார்த்து வாசிக்கலாமா? சாவான பாவத்தை எத்தனை தடவை என்றும் சொல்லவேண்டுமே, 12 வருடத்துக்கு யார் கணக்கு வைத்தது! இப்படி ரொம்ப நாள் கழித்துப் போனவர்கள் முதல் வார்த்தையாக என்ன சொன்னீர்கள்?