பழைய மேசைக்கணினிக்கு லினக்ஸா, விண்டோஸா?

உட்லண்ட்ஸ்வாசி:
எங்கள் வீட்டு மேசைக்கணினியில் இருப்பது இன்டெல் ஏழாம் தலைமுறைச் சில்லு. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும் என்பதால் அதற்கு வழியில்லை; விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகன் வேலரன்ட்டும் டோட்டா 2-உம் விளையாடுகிறான். நான் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவுக்குத் தமிழில் அறிக்கைகள் தட்டச்சு செய்கிறேன். விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவினால் இவை எல்லாம் நடக்குமா, புதுக் கணினிதான் வாங்க வேண்டுமா?

பொங்கோல் பென்குயின்:
தயங்காமல் நிறுவுங்கள். லினக்ஸில் விளையாட முடியாது என்பதெல்லாம் 2018-க்கு முந்தைய பேச்சு. அந்த ஆண்டு, ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான் என்னும் நிரல், விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டு, விண்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்எக்ஸ் வழியாகக் கேட்கும் வரைகலைப் பணிகளை அப்போதைக்கப்போது லினக்ஸிலும் இயங்கும் வல்கன் இடைமுகத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது. ஸ்டீமில் பொத்தானை அழுத்துபவருக்கு இடையில் இப்படியொரு வேலை நடப்பதே பெரும்பாலும் தெரிவதில்லை. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியின் இயங்குதளமும் ஆர்ச் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டதுதான். டோட்டா 2-க்குப் புரோட்டான்கூட வேண்டியதில்லை, அதன் லினக்ஸ் பதிப்பையே வால்வ் தருகிறது. நன்றாக ஓடும் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

கிராபிக்ஸ் கிறுக்கன்:
கேட்கப்பட்ட இரண்டு விளையாட்டுகளில் வசதியானதற்கு மட்டும் நண்பர் பதில் சொல்லியிருக்கிறார். வேலரன்ட் லினக்ஸில் ஓடாது. அதனுடன் வரும் வேன்கார்ட் என்னும் மோசடித் தடுப்பு நிரல், கணினி தொடங்கும்போதே விண்டோஸின் கருப்பகுதியான கர்னலுக்குள் போய் அமர்வது. புரோட்டான் தருவதோ விண்டோஸ் செயலிகளுக்கான சூழலைத்தான், விண்டோஸ் கர்னலை அல்ல. 2024-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் வேன்கார்ட் வந்தபோது, அதுவரை விண்டோஸ் செயலிகளை ஓட்டும் வைன் நிரலின் உதவியுடன் லினக்ஸில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கதவு அடைபட்டது. அதே ஆண்டு இறுதியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் லினக்ஸை விலக்கியது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கர்னல் தத்துவம் பேசிப் பயனில்லை. வகுப்புத் தோழர்கள் ஆடுவதைத்தான் அவனும் ஆடுவான்.

பொங்கோல் பென்குயின்:
அந்த நிரல் கர்னலுக்குள் அமர்கிறது என்பதே என் கவலையும். அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆகவே இரண்டாவதாக ஒரு எஸ்எஸ்டி சேமிப்பு வட்டு வாங்கி லினக்ஸை அதில் வையுங்கள். வேலரன்ட்டுக்கு மட்டும் பழைய வட்டிலுள்ள விண்டோஸ் 10 இருக்கட்டும், ஓராண்டுக் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கும் அதைப் பதிந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் வட்டிலுள்ள ஸ்டீம் நூலகத்தை இரண்டுக்கும் பொதுவாக வைக்காதீர்கள். புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் உருவாக்கும் கோப்புறையில் ‘சி:’ என முக்காற்புள்ளி இட்ட பெயர் ஒன்று இருக்கும். விண்டோஸ் அத்தகைய பெயர்களை ஏற்பதில்லை, சிக்கல் அங்கேதான் தொடங்கும்.

தட்டச்சு அக்கா:
விளையாட்டிலேயே நிற்கிறீர்கள், தம்பிகளே. அறிக்கையைப் பற்றியும் அவர் கேட்டிருக்கிறார். லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரல் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை தடையின்றி வேலை செய்யும். அரசாங்க இணையச் சேவைகளில் நுழைவதற்கான சிங்பாஸுக்கும் கவலையில்லை, உலாவியில் தோன்றும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் வருடினால் போதும். இடிப்பது எழுத்துருவில்தான். குழுவில் மற்றவர்கள் வேர்டில் லதா எழுத்துருவில் அனுப்பும் கோப்பை, லினக்ஸில் வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸில் திறந்தால், லதா அங்கே இல்லாததால் நோட்டோ அல்லது லோஹித் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும், ஒரு பக்கத்தில் அடங்கிய நிகழ்ச்சி நிரலின் கடைசி இரண்டு வரிகள் அடுத்த பக்கத்தில் போய் நிற்கும். நோட்டோ இலவசம் என்பதால் அதையே குழுவில் எல்லாரும் நிறுவிக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும், செயலாளர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். மேக் வாங்கலாமே என்று யாரேனும் தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன்: வேலரன்ட் அதிலும் இல்லை.

கிராபிக்ஸ் கிறுக்கன்:
இரண்டு வட்டு யோசனை தந்தைக்குப் பொருந்தும், மகனுக்குப் பொருந்தாது. டோட்டாவுக்கு லினக்ஸ், வேலரன்ட்டுக்கு விண்டோஸ் என ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்துத் தொடங்க எந்தப் பிள்ளைக்குப் பொறுமை இருக்கும்? எப்போதும் விண்டோஸிலேயே கிடப்பான். கூடுதல் புதுப்பிப்புக் காலம் முடிந்ததும் இதே கேள்வியோடு நீங்கள் திரும்பி வருவீர்கள். எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் வெள்ளியைப் புதுக் கணினிக்கென எடுத்து வையுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
எஸ்எஸ்டி வாங்கத் தீர்மானித்துவிட்டேன், லினக்ஸ் எனக்கு. மகனின் புதுக் கணினியைப் பற்றி ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு பேசிக்கொள்கிறோம். அக்கா, நோட்டோவில் எந்த வகையை நிறுவ வேண்டும், எழுத்து முனையில் சிறுகோடு இல்லாத சான்ஸா, அது உள்ள செரிஃபா?