மறு: வால்வுக்குத் தலைக்கு 200 வெள்ளி

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்க் குடிநீர்க் குழாய்க்கு வால்வு வாங்க மலேசியாவில் இருக்கும் நாம் தலைக்கு 200 வெள்ளி தர வேண்டும் என்ற செயலாளர் அண்ணன் மடலைப் பார்த்தேன். மூன்று புது வால்வு என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். என்ன சைஸ், கதவு ஏறி இறங்கும் கேட் வால்வா, தட்டு திரும்பும் பட்டர்ஃபிளையா, கடைக் கொட்டேஷன் எங்கே? முன்பு மண்டபத்துக்கு வசூலித்த கணக்கே இன்னும் முழுசாக வரவில்லை. கிள்ளான் மாமா அதைக் கேட்டால் மட்டும் உங்களுக்குக் கோபம் வருகிறது. சரி, அதை விடுகிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன அக்கா மகன் ரேஷன் கடை முன்னால் இருக்கும் வால்வுக் குழியைப் படம் எடுத்து வந்தான். குழி நிறையச் சாக்கடைத் தண்ணீர். வால்வைத் திருகும் தண்டான ஸ்பிண்டிலைச் சுற்றி, ஒழுக்கை அடைக்க சைக்கிள் டியூப். மோட்டார் நின்றதும் குழித் தண்ணீர் மெல்ல இறங்குகிறதாம். எங்கே போகும்? லைனில் அழுத்தம் விட்டதும் கிளாண்ட், அதாவது ஸ்பிண்டில் உள்ளே நுழையும் இடத்து அடைப்பு, அது வழியாகக் குழாய்க்குள்தான். மறுநாள் காலையில் அது நம் வீட்டுக் குடத்தில். இதற்குப் புது வால்வு எதற்கு? கிளாண்ட் கயிறு மாற்றி, நட்டை முறுக்கி, குழிச் சுவரை உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

மேலத்தெரு வால்வைப் பாதி திறந்தே வருஷக்கணக்காக வைத்திருக்கிறார்கள். யார் சொல்லி என்று இங்கே எழுத வேண்டாம். கேட் வால்வு முழுசாகத் திறக்கவோ மூடவோ செய்த சாமான். பாதியில் நிறுத்தினால் கதவுக்கு அடியில் தண்ணீர் சீறி, கதவு உட்காரும் சீட்டை அரித்துவிடும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் அடையாது. புதுசு போட்டாலும் இதே கதிதான்.

வால்வை மாற்றுவதும் லேசான வேலை இல்லை. இங்கே மலேசியாவில் 2024 ஜனவரியில் சுங்கை டுவா தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையில் 1200 மில்லிமீட்டர் வால்வு இரண்டை மாற்றுவதற்கு, பினாங்கில் ஐந்தரை லட்சத்துக்கு மேல் இணைப்புகளில் தண்ணீரை நிறுத்தினார்கள். ஈப்போ அத்தான் அப்போது எங்கள் வீட்டுக்கு வந்து குளிக்காமலே திரும்பினார்.

நாலு இன்ச் கேட் வால்வை முழுசாக மூடச் சுமார் 14 சுற்று. வருஷத்துக்கு ஒரு தடவையாவது எண்ணி மூடித் திறக்க ஆள் வேண்டும், அதுவும் மெதுவாக. சட்டென்று மூடினால் தண்ணீர் திருப்பி அடித்து ஜாயின்ட் விட்டுவிடும். ஊரில் வாட்டர்மேன் பெரியப்பா வாய்விட்டு எண்ணுவார். நாங்கள் பின்னால் நின்று வேறு எண் சொல்லிக் குழப்புவோம், வால்வு திருகும் சாவியை ஓங்கிக்கொண்டு துரத்துவார். அவருக்குப் பிறகு அந்தச் சாவி யார் வீட்டில் இருக்கிறது?

கல்வெட்டில் பெயர் வேண்டும் என்று தலைவர் கேட்டதாகக் கேள்வி. வால்வுக் குழிக்கு மார்பிளா, அண்ணே?

என் 200 வெள்ளி தயார். கொட்டேஷனும் சாவி வைத்திருப்பவர் பெயரும் வந்ததும் அனுப்புகிறேன்.