‘பொயின்ற் சோர்ஸ்’, ‘நொன் பொயின்ற் சோர்ஸ்’ மாசு: மடைவாய் மாசு, பரப்பு மாசு

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழில் ஆக்கும் நீர் மாசுச் சொற்பட்டியலில் ‘பொயின்ற் சோர்ஸ்’ (இன்ன இடத்திலிருந்து வருகிறது என்று சுட்டக்கூடிய மாசு), ‘நொன் பொயின்ற் சோர்ஸ்’ (பல இடங்களிலிருந்து சிறுகச் சிறுகச் சேரும் மாசு) என்ற இந்த இணை மட்டும் இழுபடுகிறது. எனக்கு இது பட்டியலிலேயே முக்கியமான இணை. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

> ‘புள்ளி மூல மாசு’, ‘புள்ளியல்லா மூல மாசு’ என்றே வைத்துவிடலாம். மாணவருக்கு ஆங்கிலத்தோடு பொருத்திப் பார்க்க வசதி.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘புள்ளியல்லா’ என்பது எது இல்லை என்று மட்டுமே சொல்கிறது, எது என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அந்த எதிர்மறை நிலைத்ததற்குச் சட்டமே பெரிய காரணம். அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டம் குழாய், வாய்க்கால், சுரங்க வழி போன்ற, கண்டுபிடிக்கக்கூடிய வரம்புள்ள வழிகளை ‘பொயின்ற் சோர்ஸ்’ என்று வரையறுத்து, அவற்றுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. 1977ஆம் ஆண்டுத் திருத்தம் பாசன வயலிலிருந்து திரும்பி வடியும் நீரை அந்த வரையறைக்கு வெளியே விட்டது. அப்படி வெளியே நின்றதெல்லாம் ‘நொன்’ ஆயிற்று. 1987இல் இன்னொரு திருத்தம் கொண்டுவந்துதான் அதற்கெனத் தனித் திட்டம் வகுத்தார்கள். ஐரோப்பாவில் இதையே ‘டிஃபியூஸ்’ மாசு என்கிறார்கள், அங்கே எதிர்மறை இல்லை. ஆகவே நாமும் ‘அல்லா’வைச் சுமக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் இந்தச் சொல்லின் அவசரம் விளங்கும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரைத்தான். குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் செம்பாட்டு மண் (செம்மண்) பல இடங்களில் ஆழம் குறைந்தது, அதன்கீழ் வெடிப்பும் பொந்துமான கல். மேலே கொட்டுவது மண்ணில் வடிபட்டுச் சுத்தமாக அவகாசமில்லாமல் கீழே போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த நீருக்கு இரண்டு விதமாகக் கேடு வந்தது. ஒன்று எல்லாருக்கும் தெரிந்த சுன்னாகத்து எண்ணெய். மின் நிலையப் பகுதியைச் சூழ்ந்த கிணறுகளில் கழிவெண்ணெய் கண்டார்கள், சனம் வீதிக்கு வந்தது, பவுசரில் (தண்ணீர் வண்டியில்) தண்ணீர் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பு வந்தது. மாசு எங்கிருந்து வந்தது என்று சுட்ட முடிந்ததால்தான் வழக்கே நடந்தது.

மற்றது நைத்திரேற்று (நைட்ரேட்). இதற்கு நிறமில்லை, மணமில்லை. வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு என்று போகத்துக்குப் போகம் போட்ட யூரியாவிலும் எருவிலும் பயிர் எடுத்தது போக மிச்சம், மலக்குழியிலிருந்து ஊறுவது, மாட்டுக் கொட்டிலிலிருந்து இறங்குவது எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு கீழே போகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் இதைத் தாண்டிய கிணறுகளை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால், நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக (நைட்ரைட்) மாறி, இரத்தம் ஒட்சிசனைக் காவும் வல்லமையைக் கெடுத்துவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். குளோரீன் போட்டும் பயனில்லை. அதை நீக்க அயன் பரிமாற்றமோ மீள் பிரசாரணமோ (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எதிர்ச் சவ்வூடுபரவல்) வேண்டும். அது எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகுமா?

இந்த இரண்டாவது கேட்டுக்குத்தான் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் ஊரில் தண்ணீர் பற்றிக் கதைக்கும்போது எண்ணெய் மட்டும் மாசாகவும், யூரியா வெறும் விவசாயமாகவும் நிற்கிறது.

சரி, முன்மொழியப்பட்ட மற்றச் சொற்களுக்கு வருகிறேன். ‘பரவல் மாசு’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் ‘பரவல்’ என்றால் மூலக்கூறுகள் செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போவது. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை நிச்சயம் குழம்பும். ‘சிதறல்’ ஒளிக்குப் போய்விட்டது. ‘கசிவு மாசு’ இன்னும் சிக்கல்: தாங்கியிலிருந்து எண்ணெய் போவதும் கசிவுதானே? சுன்னாகமும் யூரியாவும் ஒரே பெயருக்குள் அகப்பட்டால் பிரித்ததில் என்ன பயன்? மாசு எப்படிப் பயணம் செய்கிறது என்பதை விட்டு, எங்கே புறப்படுகிறது என்பதை வைத்துத்தான் பெயர் வர வேண்டும்.

என் பரிந்துரை: மடைவாய் மாசு, பரப்பு மாசு.

மடைவாய் என்பது தண்ணீர் வெளியேறும் திறப்பு. தோட்டத்தில் மடை மாறித் தண்ணீர் கட்டிய எவருக்கும் விளக்கம் தேவையில்லை. மடையை அடைக்கலாம், அதற்குப் பொறுப்பான ஆளைக் கேட்கலாம், அதன் வாயில் போத்தல் பிடித்து மாதிரி எடுக்கலாம். சட்டம் குழாய், வாய்க்கால் என்று அடுக்கியதும் இதைத்தான். பரப்பு மாசு என்பது ஒரு நிலப்பரப்பு முழுவதிலும் இருந்து சிறுகச் சிறுகச் சேர்வது. எங்களூரில் காணியை அளப்பதும் பரப்புக் கணக்கில்தான், பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ‘பரப்புக்கு எவ்வளவு யூரியா போடுகிறீர்கள்?’ என்று கேட்கும் இடத்தில் ‘பரப்பு மாசு’ என்றால் தன் காணியும் அதற்குள் இருப்பது தோட்டக்காரருக்குப் படும்.

> பரப்பு என்றால் நீரின் மேற்பரப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

தங்கைச்சி கேட்டது நியாயம்தான். ஆனால் அதற்கு ‘மேற்பரப்பு’ என்ற முழுச் சொல்லே பழக்கத்தில் இருக்கிறது. ‘நிலப்பரப்பு மாசு’ என்று நீட்டினால் மண் மாசடைதலோடு முட்டும், அதனால் நீட்ட வேண்டாம்.

மலக்குழியை எதில் சேர்ப்பது என்று வந்த கேள்விதான் உண்மையில் கடினமானது. தனியே எடுத்தால் அது ஒரு குழி, இடம் தெரியும், சொந்தக்காரர் தெரியும். ஆனால் இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் குழியும் நெருங்கி, பக்கத்துக் காணியிலும் அதுவே என்றால், கிணற்று நைத்திரேற்றில் எந்தக் குழியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஒரு குழியைத் திருத்தியும் கிணறு தேறாது. நான் பரப்பு மாசில்தான் சேர்ப்பேன். வரையறையிலும் அதை எழுதிவிடலாம்:

மடைவாய் மாசு: குழாய், வடிகால், தாங்கி போன்ற, இடம் குறித்துக் காட்டக்கூடிய ஒரு திறப்பிலிருந்தோ கலத்திலிருந்தோ நீருக்குள் சேரும் மாசு.

பரப்பு மாசு: ஒரு நிலப்பரப்பெங்கும் உள்ள பல சிறு இடங்களிலிருந்து, மழை அல்லது பாசன நீரோடு, தனித்தனிப் பங்கு பிரிக்க முடியாதபடி நீருக்குள் சேரும் மாசு, செறிந்த குடியிருப்புகளின் மலக்குழிகள் உட்பட.

புகையோடு மேலே போய் மழையோடு இறங்கும் மாசு இந்த இரண்டாவது வரையறைக்குள் அடங்குமா என்பது எனக்குத் திருப்தியாக வரவில்லை. தூத்துக்குடி, எண்ணூர்ப் பக்கம் இருக்கும் நண்பர்கள் அனல் மின் நிலையங்களை அருகில் பார்ப்பவர்கள். அதற்குத் தனிச் சொல் வேண்டுமா, இதற்குள்ளேயே வைக்கலாமா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கோப்பாயிலிருந்து