கோபோல்: மாஸ்டர் கோப்பை ரேண்டமாகப் படிப்பதா, வரிசையாக ஒப்பிடுவதா?

கேள்வி

வணக்கம். வாடிக்கையாளர் கணக்குகள் அடங்கிய மாஸ்டர் கோப்பை விசாம் கேஎஸ்டிஎஸ் (கீ எனப்படும் அடையாளப் புலத்தின் வரிசையில் ரெக்கார்டுகளை அடுக்கி, அவற்றைத் தேட இண்டெக்ஸும் கொண்ட ஐபிஎம் மெயின்ஃப்ரேம் கோப்பு) ஆக வைத்திருக்கிறோம். கோபோல் என்ற நிரலாக்க மொழியில் எழுதிய இரவு பேட்ச் (மொத்தமாக ஓடும்) நிரல் அன்றைய பரிவர்த்தனைகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் படித்து, கணக்கு எண்ணைக் கொண்டு மாஸ்டரை ரேண்டமாக ரீட் செய்து, இருப்பைத் திருத்தி ரீரைட் செய்கிறது (அதே ரெக்கார்டின் மேல் திரும்ப எழுதுகிறது). பரிவர்த்தனைகள் பெருகப் பெருக ஓட்ட நேரம் நீண்டுகொண்டே போகிறது. இரண்டு கோப்புகளையும் வரிசையாக ஒப்பிட்டுப் புதிய மாஸ்டரை எழுதுவதே மேல் என்கிறார் குழுவின் மூத்த உறுப்பினர். இண்டெக்ஸ் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது சரியா?

மறுமொழி 1

மாஸ்டரில் எவ்வளவு பங்கு ஓர் இரவில் தொடப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பகுதி தொடப்படுகிறது என்றால் உங்கள் மூத்தவர் சொல்வதே சரி. பரிவர்த்தனைகளைக் கணக்கு எண்படி சார்ட் செய்து (வரிசைப்படுத்தி), இரு கோப்புகளின் கீயையும் ஒப்பிட்டபடி முன்னேறி, எது சிறியதோ அதைக் கையாள வேண்டும். ஒரு கோப்பு முடிந்ததும் அதன் கீயில் ஹை-வேல்யூஸ் (எந்தக் கீயையும்விடப் பெரிய மதிப்பு) இட்டுவிட்டால், மற்றதில் எஞ்சியவை தனி நிபந்தனை எதுவுமின்றி ஓடி முடியும்.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது மறுஓட்டம். ஐ-ஓ முறையில் (படிக்கவும் திருத்தவும்) திறந்து ரீரைட் செய்யும் நிரல் பாதியில் நின்றுவிட்டால், சில கணக்குகளில் தொகை ஏறியிருக்கும், சிலவற்றில் ஏறியிருக்காது. அதே உள்ளீட்டை மீண்டும் கொடுத்தால் முன்பு ஏறியவற்றில் தொகை இருமுறை பதிவாகிவிடும். பழைய மாஸ்டரைத் தொடாமல் புதியதை எழுதும் முறையில் அரைகுறைக் கோப்பை நீக்கிவிட்டு முதலிலிருந்து ஓட்டினால் போதும்.

மறுமொழி 2

தொடப்படும் கணக்குகள் குறைவு என்றால் முழு மாஸ்டரையும் நகலெடுப்பது வீண். ரேண்டம் முறையையே வைத்துக்கொண்டு பரிவர்த்தனைகளை மட்டும் சார்ட் செய்து பாருங்கள். ஒரே கணக்கின் பரிவர்த்தனைகள் சேர்ந்து வருவதால் அவை அனைத்துக்கும் ஒரு ரீட், ஒரு ரீரைட் போதும். அடுத்தடுத்த கீக்கள் பெரும்பாலும் ஒரே கண்ட்ரோல் இன்டர்வலில் (விசாம் ஒரே முறையில் படிக்கும் தொகுதியில்) இருப்பதால், அதை நினைவகத்தில் வைத்திருக்கும் பஃபரும் பயன்படும்.

கீயின் ஒரு வரம்பை மட்டும் படிக்க வேண்டுமானால் ஆக்செஸ் மோடை டைனமிக் (ரேண்டமாகவும் வரிசையாகவும் படிக்கும் முறை) என அறிவித்து, ஸ்டார்ட் கொடுத்த பின் ரீட் நெக்ஸ்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் இடத்தைக் குறிக்குமே தவிர ரெக்கார்டைக் கொண்டுவராது. புதியவர்கள் இங்கே அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

மறுமொழி 3

எந்த முறையானாலும் ஒவ்வொரு கோப்புக்கும் ஃபைல் ஸ்டேட்டஸ் (செயலின் விளைவைச் சொல்லும் இரண்டு இலக்கக் குறியீடு) வைத்து, ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் அதைச் சோதியுங்கள். இன்வேலிட் கீ என்பது (கீ தொடர்பான பிழையின்போது இயங்கும் பகுதி) 2-இல் தொடங்கும் நிலைகளை மட்டுமே பிடிக்கும். கீ இல்லாவிட்டால் 23, ஏற்கெனவே இருந்தால் 22; ஆனால் ஓபன் செய்யும்போது கோப்பே இல்லை என்றால் வரும் 35-உம், நிரலில் அறிவித்த ரெக்கார்டு நீளமோ கீயின் இடமோ கோப்போடு பொருந்தாதபோது வரும் 39-உம் அதில் அகப்படா. புதிய கேஎஸ்டிஎஸ்ஸை வரிசை முறையில் எழுதும்போது கீ ஏறுவரிசை தவறினால் 21 கிடைக்கும். சார்ட் சரியாக நடந்ததா என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலான இரவுகளில் சிறு பகுதியே தொடப்படுகிறது. மாத இறுதி வட்டிப் பதிவில் மட்டும் அனைத்துக் கணக்குகளும் மாறுகின்றன. ஆகவே தினசரி ஓட்டத்துக்கு சார்ட் சேர்த்த ரேண்டம் முறையையும், மாத இறுதிக்குத் தனி நிரலாக வரிசை ஒப்பீட்டையும் எழுதவிருக்கிறேன். தினசரி ஓட்டத்துக்கு முன் மாஸ்டரின் நகல் ஒன்றை எடுத்துவைக்கும் படியையும் ஜேசிஎல்லில் (நிரல்களை ஓட்டச் சொல்லும் மெயின்ஃப்ரேம் கட்டளை மொழியில்) சேர்த்துவிடுகிறேன்.