ஜிபியும் (குடும்ப டாக்டரும்) கஞ்சா மருந்து எழுதலாம் என்ற பிரிட்டன் மசோதா: வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு உதவியிருக்குமா?

ஹரோ அப்பா:

மகளுக்கு ஒன்பது வயது. வலிப்பு. ஐந்து மருந்து மாற்றியாயிற்று. மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோ சாப்பாடும் பார்த்தோம். புட்டும் இடியப்பமும் இல்லாத ஏழு மாதம், அவளும் அழுதாள், மனைவியும் அழுதாள். எபிடியோலெக்ஸ் என்று கஞ்சாவின் போதை தராத பொருளான சி.பி.டி.யில் செய்த மருந்து உண்டு. அது என்.எச்.எஸ்ஸில் (அரசு மருத்துவச் சேவையில்) டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ மாதிரி சில வகைகளுக்குத்தான், இவளுக்கு அந்த வகை இல்லையாம். மிஞ்சுவது டி.எச்.சி. (கஞ்சாவின் போதைப் பொருள்) கொஞ்சம் சேர்ந்த எண்ணெய். பிரிட்டனில் 2018 நவம்பர் 1 முதல் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் அதைச் சட்டப்படி எழுதலாம். எங்கள் நியூரோ டாக்டர் நல்ல மனிதர். “சட்டம் தடுக்கவில்லை, ஆஸ்பத்திரிதான் விடாது” என்று சொல்லிவிட்டு மேசையைப் பார்க்கிறார்.

2021இல் மான்செஸ்டர் வித்திங்டன் எம்.பி. ஜெஃப் ஸ்மித் ஒரு மசோதா கொண்டுவந்தார். தகுதியுள்ள ஜிபிகளைப் பதிவேட்டில் சேர்த்து, அவர்களும் எழுதலாம் என்று. விவாதம் டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. லீவு போட்டுப் பார்த்தேன். பேசிப் பேசியே நேரம் போய், வாக்கெடுப்பே இல்லை. அது நிறைவேறியிருந்தால் எங்களுக்கு வழி பிறந்திருக்குமா?

மருந்துக்கடைத் தம்பி:

அண்ணா, நான் பார்மசிஸ்ட். ஜிபி பதிவேட்டால் முதுகுவலி, நரம்புவலிக்காரர்களுக்குப் பலன் இருந்திருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளையின் வலிப்புக்கு எந்த ஜிபி தானாகக் கையெழுத்துப் போடுவார்? இப்போதே ஸ்பெஷலிஸ்ட் தொடங்கிவைத்தால், பிறகு ஜிபி தொடர்ந்து எழுத விதி இடம் கொடுக்கிறது. அப்படியும் பலர் கை வைப்பதில்லை.

அந்த மசோதாவில் எல்லாரும் தாண்டிப்போன இன்னொரு பாதி உண்டு: இந்த மருந்துகளை எந்த ஆதாரத்தை வைத்து மதிப்பிடுவது என்று முறை வகுக்க ஓர் ஆணையம். உங்களுக்குத் தேவை அதுதான். சாதாரண மருந்துச் சோதனை ஒரே மூலப்பொருளுக்குச் சரி. செடிச்சாறு முழுதாக இருக்கும் எண்ணெய்க்கு அப்படிச் சோதனை நடத்திப் பணம் போட யார் வருவார்கள்? ஆதாரம் இல்லை என்று என்.எச்.எஸ். காசு தராது. காசு இல்லாததால் ஆதாரமும் சேராது.

ஈஸ்ட்ஹாம் அக்கா:

தம்பி சொல்வது சரி. நாங்கள் பிரைவேட்டில் வாங்குகிறோம், மகனுக்கு. மாதம் 900 பவுண்டு. சீட்டு பிடித்து இரண்டு வருடம் ஓட்டினோம், இப்போது நகை. வலிப்பு குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. அதிசயம் என்று நினைத்து இறங்காதீர்கள். ஹெல்த் கடை சி.பி.டி. எண்ணெயை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள், அது வேறு சாமான். ஊருக்குப் போகும்போது போத்தலைப் பெட்டியில் வைக்கவும் கூடாது. கொழும்பில் பிடித்தால் இங்கத்தைய மருந்துச் சீட்டைக் காட்டித் தப்ப முடியும் என்று நம்பாதீர்கள்.

ஹரோ அப்பா:

நன்றி அக்கா. என் அம்மாவுக்கு ‘கஞ்சா’ என்று சொல்லவே இல்லை, ‘மூலிகை எண்ணெய்’ என்றுதான். தம்பி, அடுத்த அப்பாயின்ட்மென்டில் டாக்டரிடம் என்ன கேட்பது?

மருந்துக்கடைத் தம்பி:

“நைஸ் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது” என்பார். நைஸ் என்பது என்.எச்.எஸ்ஸுக்குச் சிகிச்சை வழிகாட்டி எழுதும் அமைப்பு. அப்படி அது சொல்லவில்லை. என்.ஜி.144 வழிகாட்டியில் இந்த வகை வலிப்புக்குப் பரிந்துரை எதுவும் இல்லை, அவ்வளவுதான். பரிந்துரை இல்லாதது தடை ஆகாது, டாக்டர் தன் முடிவில் எழுதலாம் என்று 2021 மார்ச்சில் விளக்கமும் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுபோங்கள். தனிநபர் நிதிக் கோரிக்கை, அதாவது இந்த ஒரு பிள்ளைக்கு என்.எச்.எஸ். காசு தரச் சொல்லும் விண்ணப்பம், போடச் சொல்லுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை எடுத்துக்கொண்டு எம்.பி. அலுவலகத்துக்குப் போக முடியாது.