பள்ளி விட்டதும் பிள்ளையை எங்கே விடுவது: உங்கள் நாட்டில் எங்கே இடிக்கிறது?

ஜப்பான்:
ஹோயிகுஎன்னில் (சின்னப் பிள்ளைகளின் பகல் காப்பகம்) இருந்தவரை பெரும்பாலும் மாலை ஏழு வரை கவலையில்லை. ஏப்ரலில் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்ததுமே கணக்கு மாறும். காக்குடோ, அதாவது பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், பல ஊர்களில் ஆறு, ஆறரைக்கே பூட்டு. மாலையையாவது எப்படியோ சமாளிக்கலாம். கோடை விடுமுறைக் காலைதான் மோசம். கதவு திறப்பது எட்டு, எட்டரைக்கு. ஏழரை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் ஆறு வயதுப் பிள்ளையைப் பூட்டிய வாசலில் நிறுத்திவிட்டு ஓடுகிறார்கள். 2015 முதல் ஆறாம் வகுப்பு வரை சேர்க்கலாம்தான். ஆனால் ஒரு பிரிவுக்குச் சுமார் 40 பேர் என்பது அளவு. இடம் போதாவிட்டால் சின்ன வகுப்புகளுக்கே முதலிடம், நாலாம் வகுப்புப் பிள்ளை வெளியே.

ஜெர்மனி:
2026 ஆகஸ்டிலிருந்து ஒண்ணாம் வகுப்புக்கு முழுநாள் கவனிப்பு சட்ட உரிமை. ஆண்டுக்கொரு வகுப்பாகக் கூடி, 2029-30இல் நாலாம் வகுப்பு வரை வந்துவிடும். "தினம் எட்டு மணி நேரம்" என்று பகிர்கிறார்களே, பாட நேரமும் அந்த எட்டுக்குள்தான்! காலை எட்டுக்குப் பள்ளி தொடங்கினால் நாலு மணியோடு உரிமை முடிந்தது. விடுமுறையிலும் உண்டு, ஆனால் ஆண்டில் நாலு வாரம் வரை மூட மாநிலங்கள் அனுமதிக்கலாம். எந்த நாலு வாரம் என்று சேர்க்கும்போதே கேளுங்கள். அம்மா, அப்பா இருவரும் ஒரே வாரத்தில் லீவு போட்டால் அடுத்த மூடலுக்குக் கையில் லீவு இருக்காது.

இங்கிலாந்து:
நேரத்தையே பேசுகிறீர்கள், காசை யாரும் தொடவில்லை. டாக்ஸ்-ஃப்ரீ சைல்டுகேர் என்று பிள்ளைக் கவனிப்புச் செலவுக்கு அரசு உதவும் திட்டம் உண்டு. அந்தக் கணக்கில் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும்; ஒரு பிள்ளைக்கு மூன்று மாதத்தில் 500, ஆண்டில் 2,000 வரை. கவிழ்வது இங்கேதான்: மூன்று மாதத்துக்கொரு முறை இணையத்தில் கணக்குக்குள் போய் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். விட்டால் அரசுப் பங்கு நின்றுவிடும், பள்ளி விட்டபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கிளப்பின் பில் மட்டும் முழுசாக வரும். போனில் ஒரு வாரம் முன்பே நினைவூட்டல் வையுங்கள். கிளப் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டுமுன் பாருங்கள். பணம் போய்ச் சேரச் சில நாள் பிடிக்கலாம், கெடுவன்று அனுப்பாதீர்கள். யூனிவர்சல் கிரெடிட்டோடு (குறைந்த வருமானக்காரருக்கான அரசு உதவித்தொகை) சேர்த்து வாங்க முடியாது. அதில் கவனிப்புச் செலவில் 85% வரை திரும்பக் கிடைக்கும் என்பதால் முதலில் இரண்டையும் கணக்குப் போடுங்கள். பெற்றோரில் ஒருவர் ஆண்டு வருமானம் 1,00,000 பவுண்டைத் தாண்டினால் டாக்ஸ்-ஃப்ரீ கணக்கு கிடையாது. பொதுவாக 11 வயது நிறைந்தபின் வரும் செப்டம்பர் 1 வரைதான்.

சுவீடன்:
இவ்வளவு நிபந்தனையா? அதற்குப் பேசாமல் கட்டணத்தையே குறைக்கலாம். இங்கே ஃபிரிட்டிட்ஸில், அதாவது பள்ளி நேரத்துக்கு வெளியே பிள்ளைகளைக் கவனிக்கும் இடத்தில், கட்டணம் வீட்டு வருமானத்தில் முதல் பிள்ளைக்கு 2%, அடுத்த இருவருக்குத் தலா 1%, நாலாவதுக்கு ஒன்றுமில்லை. அதிலும் உச்சவரம்பு உண்டு. கணக்கில் கடைக்குட்டிதான் "முதல் பிள்ளை", பில்லைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பள்ளி விடுமுறையிலும் திறந்திருக்கும், ஆனால் எந்த நாள் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்பார்கள். ஆள் போடுவது அதை வைத்துத்தான். ஷிஃப்ட் மாறினால் வேலை நேரத்தையும் அன்றே மாற்றிப் பதியுங்கள்.