ஜெர்மனியில் படிக்கும் தங்கைக்காக ஓர் ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கடந்த அக்டோபரில் முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனியின் ஆகன் நகருக்குச் சென்ற என் தங்கை, பாடங்களை ஓரளவு சமாளித்துவிட்டாலும், அங்குள்ள வாழ்க்கையோடு இன்னும் ஒட்ட முடியாமல் தவிக்கிறாள். டிசம்பரில் மாலை நான்கரைக்கே இருட்டிவிடுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் அடைத்திருப்பதும் பழகிவிட்டன. மனிதர்களோடு பழகுவதுதான் கடினமாக இருக்கிறது. விடுதியின் பொதுச் சமையலறையில் இவள் ரசத்துக்குத் தாளிக்கும்போது உள்ளே வருபவர்கள், 'ஹலோ' சொல்லிவிட்டு, சன்னலைத் திறந்துவைத்துப் போய்விடுகிறார்களாம். பேராசிரியரிடம் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவள், கருத்துச் சொல்லாதவரை ஆர்வமற்றவராக எண்ணும் வகுப்பில் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறாள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், இடைவேளைப் பேச்சு முழுவதும் ஜெர்மன் மொழியில்தான்.

மாணவர் நல அமைப்பான 'ஸ்டூடியரெண்டன்வெர்க்' அளிக்கும் உளவியல் ஆலோசனையை உங்களில் யாரேனும் பயன்படுத்தியிருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் பேச முடிகிறதா, எவ்வளவு நாள் காத்திருக்க நேரிடும்? பல்கலைக்கழக விளையாட்டுக் குழுக்களிலோ மொழிப் பரிமாற்றச் சந்திப்புகளிலோ சேர்ந்து நண்பர்களைப் பெற்றவர்கள் இருந்தால், தொடக்கத்தில் என்ன செய்தீர்கள் என்று விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும். 'ஊருக்கே திரும்பி வரச் சொல்லுங்கள்' என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அதை எங்கள் உறவினர்கள் ஏற்கெனவே தாராளமாக வழங்கிவருகிறார்கள்.